புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையும் அயலார் செவியும்

1907ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் நாள் மாலை, எஸ். எப். எட்ஜ் என்னும் ஆங்கிலேயர் நேப்பியர் மோட்டார் வண்டியொன்றில் ஏறி அமர்ந்தார். மறுநாள் மாலைவரை, இருபத்துநான்கு மணி நேரம், வண்டியைத் தாம் ஒருவரே செலுத்தி ஒரே பாதையைச் சுற்றிச் சுற்றி வந்தார். வேறு இரண்டு நேப்பியர் வண்டிகளும் கூடவே சுற்றின. இருளிலே பாதையின் ஓரம் தெரியும்பொருட்டுச் சிவப்பு விளக்குகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. முடிவில் எட்ஜ் கடந்திருந்த தூரம் 1,581 மைலுக்குச் சற்று அதிகம். சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 66 மைல். மோட்டார் உலகம் வியந்தது. பாதைக்கு அயலில் வேபிரிட்ஜ் என்ற ஊரிலே குடியிருந்தோர் வியக்கவில்லை. அன்றிரவு உறக்கம் இழந்த அவர்கள் முறைப்பாடு செய்தனர். அதன் பயனாக அப்பாதையில் இரவு ஓட்டம் நின்றுபோயிற்று. எட்ஜ் ஓட்டியதுபோன்ற இருபத்துநான்கு மணி நேர ஓட்டம் அங்கே மீண்டும் நிகழவேயில்லை.

அப்பாதையின் பெயர் புரூக்லண்ட்ஸ். இலண்டன் நகருக்குத் தென்மேற்கே, சரே மாவட்டத்தில், மோட்டார் ஓட்டத்துக்கென்றே அமைக்கப்பட்ட பாதை அது. அத்தகைய பாதைகளுள் உலகிலேயே முதலாவது அதுதான் என்பர். அதனைக் கட்டுவித்தவர் ஹியூ லொக் கிங் என்னும் நிலக்கிழார். 1905ஆம் ஆண்டு இத்தாலியில் பிரெஸ்சியா நகரத்துப் பந்தயத்தைக் காணச் சென்ற அவர், அங்கே பிரித்தானிய வண்டி ஒன்றுகூட ஓடவில்லை என்று கண்டு மனம் நொந்தார். வண்டி செய்வோரிடம் திறமை இல்லாமலில்லை. செய்த வண்டியை ஓட்டிப் பார்க்க இடம் இல்லை. 1903ஆம் ஆண்டுச் சட்டம் பொதுத் தெருவில் மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓடக் கூடாது என்று விதித்திருந்தது. ஆகவே லொக் கிங் தமது சொந்தக் காணியில், சொந்தப் பணத்தில், 2¾ மைல் சுற்றளவும் 100 அடி அகலமும் கொண்ட கொங்கிறீற்றுப் பாதையை அமைக்கத் தொடங்கினார். திருப்பங்களிலே பாதை ஏறக்குறைய 30 அடி உயரத்துக்குச் சாய்ந்து எழுந்தது. செலவு 150,000 பவுண். இடையிலே அவர் நோயுற்றபோது, அவருடைய மனைவியார் எதல் அம்மையார் பொறுப்பை ஏற்று வேலையை முடிப்பித்தார். 1907 ஜூன் 17ஆம் நாள் திறப்பு விழாவில் அணிவகுத்த வண்டிகளுக்கு முன்னணியில் தமது வண்டியை ஓட்டிச் சென்றவரும் அவரே. எட்ஜின் இரவு ஓட்டம் நிகழ்ந்தது அதன்பின் பதினொரு நாளில்.

தெருவிலே நடப்போருக்கு வேகத்தினால் தீங்கு வரலாம் என்று சட்டம் எண்ணியது. அந்த வேகத்தை லொக் கிங் வேலிக்குள் கொண்டுபோய் அடைத்தார். அவர் செய்தது பிறருக்கு நன்மையே. ஆயினும் வேலிக்குள் அடங்காத பொருள் ஒன்றும் வண்டியோடு சேர்ந்து உள்ளே போயிற்று.

எஞ்சினிலிருந்து ஓசை பிறக்கும் விதம் சிக்கலானதன்று. சிலிண்டருக்குள் பெற்றோல் ஆவி எரிந்து தள்ளியபின், எரிந்த வாயு மிகுந்த அழுத்தத்தோடு உள்ளே நிற்கும். வெளியேறும் வால்வு திறந்தவுடன் அது வெடித்துக்கொண்டு வெளிப்படும். ஒரு சிலிண்டர் மட்டுமுள்ள நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள் எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை இவ்வெடிப்பு நிகழும். நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுடும் துப்பாக்கிக்கு ஒப்பானது எனலாம். இந்த வாயுவை நேரே வெளியில் விடாது, அகன்ற பேழையொன்றில் விரியவிட்டு, தணியவிட்டு, பின்னர் மெல்ல வெளியேற்றுவதே சைலன்சர் என்னும் ஒலியடக்கியின் தொழில். துப்பாக்கி என்ற உவமை வெறும் உவமையன்று. யந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிம் முதுமையிலே செவிடரானார். அவர் மகன் ஹைரம் பேர்சி மாக்சிம் துப்பாக்கி ஓசையை அடக்கும் கருவிக்கு 1909இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, அதே நெறியை எஞ்சின்களின் புகைக்குழாய்க்கும் பயன்படுத்தினார். தந்தை எழுப்பிய ஓசையை மகன் அடக்கப் புகுந்தது விதியின் விளையாட்டுத்தான்.

ஆகவே ஓசையை அடக்கும் வழி மோட்டார் வண்டியின் இளமைக் காலத்திலேயே மனிதருக்குத் தெரிந்திருந்தது. அக்கால வண்டிகளிற் பல சைலன்சரோடுதான் விற்கப்பட்டன. ஆனால் சைலன்சருக்கு முன்னே குழாயில் சிறு கதவொன்றும் வைக்கப்பட்டிருந்தது. ஓட்டுவோர் காலால் மிதித்தோ கையால் இழுத்தோ அக்கதவைத் திறந்தால், வாயு சைலன்சருக்குள் புகாமல் நேரே வெளியேறும். மலையேறும்போது எஞ்சின் மூச்சுத் திணறாதிருக்கவே இவ்வேற்பாடு என்று வண்டி செய்வோர் கூறினர். மலை இல்லாத சமவெளித் தெருக்களிலும் அக்கதவு திறந்தே கிடந்தது. குதிரைகள் மிரண்டன, கதவோரம் நின்றோர் திட்டினர். பின்னர் பல நாடுகளில் சட்டங்கள் அக்கதவைத் தடுத்தன. அது சிறிய உறுப்புத்தான்; எனினும் இவ்வழக்கு முழுவதற்கும் திறவுகோல் அதிலேயே இருக்கிறது. ஓசை என்பது யந்திரத்தின் தவிர்க்க முடியாத குறை என்றால், திறக்கவும் மூடவும் கதவு எதற்கு?

புரூக்லண்ட்ஸ் திறக்கப்பட்ட அதே ஆண்டில், மே மாதம் 28ஆம் நாள், மான் தீவிலே மோட்டார் சைக்கிள்களுக்கென டூரிஸ்ற் றோபி என்னும் பந்தயம் முதன்முதலாக நடந்தது. ஒற்றைச் சிலிண்டர் வகுப்பில் வென்றவர் மாச்லெஸ் வண்டி ஓட்டிய சார்லி கொலியர். சராசரி வேகம் 38 மைலுக்குச் சற்று மேல். அப்பந்தய விதிகள் இங்கே கவனத்துக்குரியவை. தெருவில் உலாச் செல்லும் வண்டிகளே போட்டியிட வேண்டும் என்ற கருத்தினால், ஆசனம், மிதிகட்டை, சேறுகாப்பு ஆகியவற்றோடு சைலன்சரும் இருத்தல் வேண்டும் என அவை விதித்தன. தீவின் ஊர்களுக்குள்ளே, பிறர் வீட்டு வாசல் வழியே ஓடிய பந்தயத்தில் சைலன்சர் கட்டாயம்; தனியார் வேலிக்குள் ஓடிய பந்தயத்தில் அது வேண்டியதில்லை. வேலி என்பது கண்ணுக்கு மட்டுமே மறைப்பு என்பதை உணர மேலும் பல ஆண்டுகள் சென்றன.

1908இல் மோட்டார் சைக்கிள்கள் புரூக்லண்ட்ஸ் பாதையில் ஏறின. மறு ஆண்டே ஓட்டுவோர் தமக்கெனச் சங்கம் ஒன்றும் அமைத்துக்கொண்டனர். பாதையோரக் கொட்டில்களில் இரவு பகலாக எஞ்சினைப் பிரிப்பதும் பூட்டுவதும் சிலருக்கு வாழ்வே ஆயிற்று. அவர்களை அயலார் மீது இரக்கமற்றவர் என்று எளிதில் தள்ளிவிடலாகாது. தேர்ந்த ஓட்டுநனுக்கு எஞ்சினின் ஓசை வைத்தியனுக்கு நாடி போன்றது. பெற்றோல் கலவை செறிந்துவிட்டதா, வால்வு இறுகுகிறதா என்பதை அவன் செவியாலேயே அறிவான். சைலன்சர் வாயுவின் வழியைச் சிறிது தடுத்து எஞ்சினின் வலுவிலும் சிறிது குறைக்கும் என்பதும் பொய்யன்று. நொடியின் ஐந்திலொரு பங்குக்காக மாதக்கணக்கில் உழைப்பவனுக்கு அச்சிறிது பெரிதே. இவற்றுக்கெல்லாம் அப்பால் இன்னொன்றும் உண்டு. அந்த முழக்கம் அவனுக்கு இன்பம். இதனை அவன் எந்த மனுவிலும் எழுதியிருக்க மாட்டான்.

அயலாரின் பக்கத்தில் ஆங்கிலச் சட்டத்தின் பழைய தீர்ப்பொன்று நின்றது. இலண்டனில் விக்மோர் வீதிப் பகுதியில் மிட்டாய் செய்வோன் ஒருவன் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் சமையற்கட்டில் பெரிய கல்லுரல்கள் வைத்து இடித்துவந்தான். ஒருவருக்கும் தொல்லையில்லை. பக்கத்து வீட்டு வைத்தியர் தமது தோட்டத்தின் கோடியில், அச்சமையற்கட்டின் சுவரை ஒட்டி, நோயாளரைப் பார்க்கும் அறையொன்று கட்டினார். அதன்பின் இடியோசையினால் நோயாளரின் மார்பைச் செவி வைத்துக் கேட்க முடியவில்லை என்று வழக்குத் தொடுத்தார். உரல்தானே முன்பு வந்தது, அறை பின்பு வந்தது என்று மிட்டாய்க்காரன் வாதாடினான். 1879இல் நீதிமன்றம் வைத்தியர் பக்கமே தீர்த்தது. முன்னே வந்தவன் என்பதனால் மட்டும் ஓசை எழுப்பும் உரிமை ஒருவனுக்கு உண்டாகாது என்பது அதன் கருத்து. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு கருத்தும் அடங்கியிருந்தது. சீமான்கள் வாழும் சதுக்கத்தில் தொல்லை எனப்படுவது தொழிலாளர் வாழும் பகுதியிலும் தொல்லை எனக் கொள்ளப்பட வேண்டியதில்லை என்று நீதிபதி உரைத்தார். அமைதியும் காணி விலையைப் பொறுத்தது போலும்!

வேபிரிட்ஜ் நிலைமையும் ஏறக்குறைய அதுவே. புரூக்லண்ட்ஸ் பாதை 1907இல் வந்தது. அயலில் செயின்ட் ஜோர்ஜஸ் குன்றின் மீது பெருவீடுகள் எழும்பத் தொடங்கியது 1911ஆம் ஆண்டளவில்; கொல்ப் விளையாட்டுத் திடலும் அங்கே அமைந்தது. பாதை முன்பு, செல்வர் வீடுகள் பின்பு. ஓடியவர் மனத்தில் அந்த மிட்டாய்க்காரனின் வாதம் எழுந்திருந்தால் அது இயல்பே. சட்டம் அவருக்கு அதில் இடம் வைக்கவில்லை.

முதல் உலக யுத்தத்துக்குப் பின் எஞ்சின்கள் பெருத்தன, வேகம் மிகுந்தது, ஓட்ட நாள்களும் பெருகின. 1924இல் அயலார் நீதிமன்றத்தை நாடினர். அதன் விளைவாகப் பாதையின் மீது கட்டுப்பாடுகள் விழுந்தன. 1925 முதல் புரூக்லண்ட்ஸில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும், மோட்டார் சைக்கிள் உட்பட, சைலன்சர் கட்டாயமாயிற்று.

இவ்விடத்திலே அதிகாரிகளுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. எவ்வளவு ஓசை கூடாது என்று எழுதுவது எங்ஙனம்? ஓசையின் அளவைக் குறிக்கும் டெசிபெல் என்னும் அலகு அமெரிக்கத் தொலைபேசி ஆராய்ச்சியாளரால் பெயரிடப்பட்டதே 1920களின் பிற்பகுதியில்தான். எளிதில் எடுத்துச் செல்லத்தக்க அளவுமானி அப்போது இல்லை. செவியைச் சாட்சியாக வைத்தால், ஓட்டுநன் செவி ஒன்று சொல்லும், குன்றின்மேல் வாழ்வோன் செவி வேறொன்று சொல்லும். எனவே ஓசையை விடுத்து அடக்கும் பேழையையே அவர்கள் அளந்தனர். எஞ்சினின் அளவுக்கு ஏற்பப் பேழையின் கொள்ளளவு எத்துணை இருத்தல் வேண்டும், குழாய்கள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்றெல்லாம் விதி எழுதினர். அளவுகோல் கொண்டு பார்த்தால் வாதத்துக்கே இடமில்லை. இவ்வாறு பிறந்ததுதான் ‘புரூக்லண்ட்ஸ் கான்’ எனப் பெயர்பெற்ற சைலன்சர். பருத்த தகரப் பேழையும், அதன் பின்னே மீன்வால் போலத் தட்டையாக விரிந்த வாயும் அதன் அடையாளங்கள்.

வேகம் அத்துடன் மாண்டுபோகும் என்று அஞ்சியோர் இருந்தனர். நடந்ததைப் பார்க்கலாம். சைலன்சர் விதி இல்லாத 1922ஆம் ஆண்டில் பெர்ட் லே வாக், ஜே.ஏ.பி. எஞ்சின் பூட்டிய செனித் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 100 மைல் வேகத்தில் பாதையைச் சுற்றியது பெருஞ் சாதனையாகக் கருதப்பட்டது. அந்த எஞ்சின் இரட்டைச் சிலிண்டர் கொண்டது. கொள்ளளவு ஏறக்குறைய 1,000 கன சென்றிமீற்றர். 1937 ஜூன் 30ஆம் நாள் வோல் ஹான்ட்லி என்பவர் பி.எஸ்.ஏ. வண்டியில் ஓடினார். அது 500 கன சென்றிமீற்றர் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். பக்கத்திலே சைலன்சரும் உண்டு. அவர் பந்தயத்தை 102 மைல் சராசரி வேகத்தில் வென்றார். ஒரு சுற்று 107 மைலுக்கும் மேல். பந்தயத்தினிடையே 100 மைலைத் தாண்டிச் சுற்றியோருக்குச் சங்கம் அளிக்கும் தங்க நட்சத்திரப் பதக்கம் அவருக்கும் கிடைத்தது. ‘கோல்ட் ஸ்டார்’ என்று பின்னர் உலகெங்கும் பெயர்பெற்ற பி.எஸ்.ஏ. வண்டிக்கு அந்தப் பதக்கமே பெயர் தந்தது. 1939இல் நோயல் போப், புரோ சுப்பீரியர் வண்டியில் 124 மைலைத் தாண்டி மோட்டார் சைக்கிளுக்குரிய இறுதிச் சுற்றுச் சாதனையை நிறுவினார். எரிபொருளும் உலோகமும் இடைக்காலத்தில் சீர்ப்பட்டன என்பது உண்மையே. ஆயினும் பேழையைச் சுமந்துகொண்டே அவ்வளவும் நிகழ்ந்தது. புகைக்குழாயின் நீளத்தை ஆராய்ந்து பொருத்தினால், குழாயினுள் சென்று திரும்பும் அழுத்த அலையே அடுத்த கலவையை உள்ளிழுக்க உதவும் என்பதைப் பொறிவல்லோர் நாளடைவில் கண்டனர். கணக்கறியாது சைலன்சரைக் கழற்றி எறிபவன் சில வேளை ஓசையைப் பெற்று வலுவை இழக்கிறான்.

இரவுத் தடையும் நீடித்தது. 1929 முதல் 1931 வரை ‘டபிள் டுவெல்வ்’ என்ற பெயரில் நடந்த பந்தயத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து இரண்டு பகல்களில் ஓடினர். இடைப்பட்ட இரவில் வண்டிகளைப் பூட்டி வைத்துவிட்டு ஓட்டுநரும் உறங்கினர், ஊரும் உறங்கிற்று.

இந்த அமைதி யாருக்கு வாய்த்தது என்பதையும் நோக்க வேண்டும். வழக்கறிஞருக்குக் கூலி கொடுக்க வல்ல குன்றின்மேல் வீட்டாருக்கு அது வாய்த்தது. பெருந்தெரு ஓரத்துச் சிறு வீட்டில், இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குவோனுக்கு அத்தகைய வழக்குத் தொடுக்க வகை ஏது? அவன் பொதுச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1929இல் மோட்டார் வண்டிகளின் மிகையோசை பற்றிய ஒழுங்குவிதிகள் பிரித்தானியாவில் வந்தன. 1934இல் போக்குவரத்து அமைச்சர் ஹோர் பெலிஷா, குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11.30 முதல் காலை 7 மணிவரை ஹோர்ன் ஊதுவதைத் தடைசெய்தார். ஓசை தொல்லையாகும் எல்லை எது என்பதைச் சாலையிலே பொலிஸ்காரன் தன் செவியால்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தமையால், புகைக்குழாய் பற்றிய வழக்குகள் எளிதில் நிலைக்கவில்லை.

இதற்கிடையே வேடிக்கையொன்று நிகழ்ந்தது. பந்தயத்தில் ஓசையை அடக்குவதற்கென்று தோன்றிய புரூக்லண்ட்ஸ் சைலன்சர், பந்தய வீரனின் சின்னமாகத் தெருவுக்கு வந்தது. பந்தயப் பாதையையே காணாத இளைஞரும் மீன்வால் வாய் கொண்ட சைலன்சரைத் தம் வண்டியில் பூட்டிப் பெருமைகொண்டனர். திறந்த குழாயோடு ஒப்பிட்டால் அது அடக்கமானது. தெருவண்டிக்குரிய சைலன்சரோடு ஒப்பிட்டால் முழக்கமானது. அயலாரின் வழக்கினால் பிறந்த பேழையே அயலாருக்குப் புதிய தொல்லையாயிற்று.

1939 ஆகஸ்டில் புரூக்லண்ட்ஸில் கடைசிப் பந்தயம் நடந்தது. அடுத்த மாதமே யுத்தம். விமானத் தொழிற்சாலைக்காகப் பாதை ஆங்காங்கே வெட்டப்பட்டது. 1946இல் விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ரோங் கம்பனி அதனை வாங்கிற்று. இன்று சாய்ந்தெழுந்த கொங்கிறீற்றின் சில துண்டுகளும் ஓர் அரும்பொருட்சாலையும் அங்கே எஞ்சியுள்ளன.

வழக்கு எஞ்சின் இருக்கும் இடமெல்லாம் தொடர்ந்தது. பின்வந்த தலைமுறையில் அளவுமானி வந்தது, டெசிபெல் கணக்கு வந்தது, புதிய மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு வருமுன் ஓசைச் சோதனையில் தேற வேண்டும் என்ற உலக உடன்பாடும் வந்தது. அமெரிக்காவில் முழங்கும் குழாயே உயிரைக் காக்கும் என்ற வாதமும் எழுந்தது. கார் ஓட்டுவோர் ஓசை கேட்டு விலகுவர் என்பது அதன் பொருள். புகைக்குழாயின் வாய் பின்னோக்கி இருக்கிறது. மோதும் கார்களோ பெரும்பாலும் முன்னிருந்து வருகின்றன. இதற்கு அவ்வாதம் செய்வோரிடம் நிறைவான விடை இல்லை. அளவுமானி வந்தபின் பழைய கதவும் மீண்டும் வந்ததுதான் விந்தை. இக்காலத்து வண்டிகள் சிலவற்றின் புகைக்குழாயினுள்ளே மின்விசையால் இயங்கும் கதவொன்று இருக்கிறது. சோதனைக்குரிய வேகத்தில் அது மூடி நிற்கும். அதற்கு அப்பால் திறந்துகொள்ளும். மலையேற உதவும் என்று நூறாண்டுக்கு முன் சொல்லப்பட்ட காரணத்தை இப்போது எவரும் சொல்வதில்லை. சோதனை விதிகளை வகுத்தோர் இதனைக் கண்டு, வேறு வேகங்களிலும் ஓசையை அளக்கும் விதிகளைச் சேர்த்தனர்.

இம்முறை முறையிட்டவர்கள் மலைநாட்டுக் கிராமத்தவர். ஒஸ்திரியாவின் திரோல் மாநிலத்தில் அவுசர்பேர்ன் என்னும் பகுதி ஜெர்மன் எல்லையை ஒட்டியது. வளைந்து வளைந்து ஏறும் அதன் மலைப்பாதைகளைத் தேடிக் கோடை முழுவதும் மோட்டார் சைக்கிள்கள் அணியணியாக வரும். பள்ளத்தாக்கிலே எழும் ஓசை இரு பக்கத்து மலையிலும் மோதி எதிரொலிக்கும். புரூக்லண்ட்ஸ் போன்று வேலியும் அங்கில்லை, வழக்குத் தொடுக்க ஓர் உரிமையாளரும் இல்லை. 2020 ஜூன் 10 முதல் அவ்வாண்டு ஒக்டோபர் இறுதிவரை, நின்ற நிலையில் 95 டெசிபெலுக்கு மேல் ஓசை எழுப்புவதாகப் பதியப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் அப்பகுதியின் குறித்த சாலைகளில் வரக் கூடாது என்று மாநில அரசு தடைவிதித்தது. பின்வந்த கோடைகளிலும் தடை தொடர்ந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் ஜெர்மனியின் மாநிலங்கள் அவை, ஞாயிறு, விடுமுறை நாள்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டத்தைக் கட்டுப்படுத்த வழிவகுக்குமாறு மத்திய அரசைக் கேட்டது. அதை எதிர்த்து ஜூலையில் ஜெர்மன் நகரங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் பெருந்திரளாக ஊர்வலம் சென்றனர்.

அவர்களுடைய மனக்குறையிலும் நியாயம் இருந்தது. அரசாங்கம் சோதித்து ஒப்புக்கொண்ட வண்டியை, ஒரு திருகாணியும் மாற்றாமல், விலைகொடுத்து வாங்கியவர் பலர். திரோல் தடை ஒருவன் அன்று எழுப்பும் ஓசையை அளப்பதன்று. பதிவுப் பத்திரத்தில் எழுதியுள்ள எண்ணையே பார்ப்பது. 1925இல் புரூக்லண்ட்ஸ் அதிகாரிகள் செவியை நம்பாமல் பேழையை அளந்ததுபோலத்தான் இதுவும். மெல்ல ஓட்டி வந்தாலும், பத்திரத்தில் 96 என்றிருந்தால் அவன் திரும்பிப்போக வேண்டும். 95 என்றிருந்தால் மலை ஏறலாம்.